மரம் சும்மா தருகிற நீருக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: ரொறொன்ரோ வாசகர் ஒருவர், 2024 பெப்ரவரி 17

540 மில்லிலீற்றர் மேப்பிள் பாகுப் பேணி 11 டொலர். அந்த மரத்தை யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. துளை போட்டால் தானாக வடிகிறது. கியூபெக்கில் ஒரு கூட்டமைப்பு சரக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு விலையை ஏற்றிப் பிடிக்கிறது என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

பெப்ரவரி 17, இரவு

கணக்கோடு வருகிறேன். கியூபெக் மாகாணத்தில், ஷெர்புரூக் நகருக்கு வெளியே இருக்கிறேன். பதினொரு ஆண்டுகளாகப் பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, பக்கத்துக் கிராமத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவரின் மேப்பிள் தோப்பில் வேலை செய்கிறேன். 2,400 துளைகள். கியூபெக் அளவுக்கு அது சின்னத் தோப்பு.

மரத்திலிருந்து வருவது பாகு அல்ல, நிறமில்லாத தண்ணீர். வாயில் விட்டால் இனிக்கிறதா இல்லையா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். அதில் சீனி சுமார் 2 சதவீதம். பாகு என்று விற்க வேண்டுமானால் 66 சதவீதமாவது இருக்க வேண்டும். இடையில் உள்ள நீர் முழுவதும் ஆவியாகிப் போக வேண்டும். 40 லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர். ஒரு கார்ட் விறகு, அதாவது 128 கன அடி அடுக்கு, எரிந்து முடிந்தால் 95 லீற்றர் பாகு கிடைக்கும் என்பது பழையவர்களின் கணக்கு. அந்த விறகை யாரோ ஒருவர் முந்திய கோடையிலேயே வெட்டிப் பிளந்து அடுக்கிக் காயவைத்திருக்கிறார். நீங்கள் விலை கொடுப்பது விறகுக்கு.

பெப்ரவரி 18

நேற்று எழுதியதை இரண்டு இடங்களில் திருத்துகிறேன்.

40க்கு ஒன்று என்பது வாய்க்கணக்கு. அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் 1946இல் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் எழுதி வைத்த விதிதான் தோப்பில் எல்லோருக்கும் மனப்பாடம்: 86ஐ நீரின் சீனிச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு காலன் பாகுக்கு எத்தனை காலன் நீர் வேண்டும் என்பது வந்துவிடும். 2 சதவீதத்துக்கு 43. நீர் 1.5 சதவீதத்துக்கு இறங்கினால் 57. அரைச் சதவீதம் குறைந்ததற்குப் பதினான்கு காலன் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். மரத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது பெரிய பிழை. விறகுக்குத்தான் விலை என்று ஆவேசமாக எழுதிவிட்டேன். அது என் முதலாளியின் தகப்பன் காலத்துக்கு உண்மை. இப்போது இடையில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குடிநீருக்கு இருக்கும் அதே தத்துவம்தான், பயன்தான் தலைகீழ். வீட்டில் சவ்வைத் தாண்டி வரும் தூய நீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடைக்கு விடுகிறோம். இங்கே தாண்டி வரும் நீர் வெறும் தண்ணீர், பின்னால் தங்கிப்போவதுதான் சரக்கு. 2 சதவீத நீரை 8 ஆக்கிவிட்டால் நான்கில் மூன்று பங்கு நீர் அடுப்புக்கு வருமுன்பே போய்விடுகிறது. 36 கார்ட் விறகு எரிய வேண்டிய பருவத்தில் நாங்கள் எரிப்பது ஒன்பது கார்ட்.

அப்படியானால் விலை ஏன் நான்கில் ஒன்றாகவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். துளை போட்டு முடித்துவிட்டு எழுதுகிறேன்.

பெப்ரவரி 24

இந்த ஆண்டு குளிர் காலமே சரியில்லை, வெப்பம் முந்திவிட்டது. மூன்று நாட்களாகத் துளைதான் போடுகிறோம்.

8 மில்லிமீற்றர் அலகு. நான்கு, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், நீர் வெளியே வடிவதற்காக மிக இலேசாக மேல்நோக்கி. பழைய துளைக்கு நேர் மேலேயோ கீழேயோ போகக் கூடாது. அலகை வெளியே இழுக்கும்போது வருகிற மரத்தூளைத்தான் முதலில் பார்ப்பேன். பால் நிறத்தில், விரலில் ஒட்டும் ஈரத்தோடு வந்தால் நல்ல மரம். பழுப்பாக வந்தால் அது பழைய காயத்தின் பகுதி, அங்கே நீர் ஓடாது, துளை வீண். பிறகு குழாயோடு சேரும் முனையைத் துளையில் செருகிச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். முதல் இரண்டு தட்டு ‘டக், டக்’ என்று உயரமாகக் கேட்கும். மூன்றாவதில் சத்தம் அடங்கி ‘தொப்’ என்று விழும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னொரு தட்டு தட்டினால் மரம் மேலும் கீழுமாகப் பிளக்கும், பருவம் முழுவதும் அந்த வெடிப்பால் காற்று புகும்.

இரண்டு பேர், 2,400 துளை, முழங்கால் வரை பனி. பனிச்சப்பாத்து இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

பெப்ரவரி 25

“மரத்தின் இரத்தத்தை உறிஞ்சுகிறீர்கள்” என்று எழுதிய அன்பருக்கு: 25 சென்ரிமீற்றர் தடிப்பு வராத மரத்தை நாங்கள் தொடுவதில்லை. அந்தத் தடிப்பு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகும். மரம் சேர்த்து வைத்திருக்கும் சீனியில் சிறிய பங்குதான் வெளியே வருகிறது, துளையும் ஓரிரு ஆண்டில் மூடிக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் துளை போட்ட மரங்கள் எங்கள் தோப்பிலேயே நிற்கின்றன. மரத்தைக் கொன்றது 1998 ஜனவரி உறைமழை. கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தில் ஒடிந்து விழுந்த சத்தம் இரவு முழுவதும் துப்பாக்கி வெடித்தது போல் இருந்ததாக முதலாளி இப்போதும் சொல்வார். அன்று விழுந்த இடத்தில் முளைத்தவை இன்னும் துளைக்குத் தயாராகவில்லை.

மார்ச் 3

வாக்களித்த பதில்.

இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். குளிரில் மரத்துக்குள் இருக்கும் வாயு சுருங்கி, நீர் உறைந்து, மரம் வேரிலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. வெயில் வந்ததும் மரத்துக்குள் உறைந்தது உருகி, அழுத்தம் ஏறி, துளை வழியே நீர் தள்ளப்படுகிறது. இரவும் பகலும் உறைந்தே கிடந்தால் நீர் இல்லை. இரவிலும் உறையாவிட்டால் சில நாளில் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே ஆண்டு முழுவதிலும் நமக்குக் கிடைப்பது பதினைந்து, இருபது நல்ல நாட்கள். எந்த நாட்கள் என்பது முதல்நாள் மாலைதான் தெரியும்.

நல்ல நாளில் எங்கள் தோப்பில் 12,000 லீற்றர் வரும். அதை வைத்திருக்க முடியாது, நுண்ணுயிர் பெருகி நிறமும் சுவையும் கெட்டுவிடும். அன்றே காய்ச்ச வேண்டும். ஆகவே பம்பி, குழாய், தொட்டி, ஆர்.ஓ., அடுப்பு எல்லாவற்றையும் சராசரி நாளுக்காக அல்ல, அந்த 12,000 லீற்றர் நாளுக்காக வாங்கி வைத்திருக்க வேண்டும். மிச்சம் 345 நாட்கள் அவை சும்மா கிடக்கும். இதற்கெல்லாம் முதலாளி போட்ட பணம் 1,20,000 டொலருக்கு மேல்.

அவர் அனுமதியோடு இரண்டு ஆண்டுக் கணக்கை எழுதுகிறேன். 2022இல் 10,800 இறாத்தல் பாகு. மொத்த விலை இறாத்தலுக்கு ஏறத்தாழ 3 டொலர், ஆக 32,000 சொச்சம். 2023இல் 5,600 இறாத்தல், 17,000க்கும் கீழே. செலவு இரண்டு ஆண்டும் 14,000. புதிய முனைகள், வடிதாள், மின்சாரம், கடன் தவணை, என் கூலி. நீர் வந்தாலும் வராவிட்டாலும் துளை போட்டாகத்தானே வேண்டும்? 2022இல் 18,000 மிச்சம். 2023இல் 3,000கூட இல்லை. அவரும் மனைவியும் ஆறு கிழமை தூங்காமல் நின்றதற்கு அதுதான் கூலி.

ஆர்.ஓ. வந்து விறகு குறைந்தது. அந்தச் செலவு இயந்திரத்துக்கு மாறியது. விறகு எரித்த அளவுக்குத்தான் செலவு. இயந்திரத்தின் தவணை எரியாத நாளிலும் வரும். இதைத்தான் நான் பெப்ரவரி 17 இரவில் தவறவிட்டேன்.

மார்ச் 9

இன்று முழுவதும் கசிவு தேடினேன். துளைகளிலிருந்து தொட்டிக்கு ஓடும் குழாய்களுக்குள் பம்பியால் வெற்றிடம் வைத்திருந்தால், விளைச்சல் மரத்தில் வாளி தொங்கவிடும் பழைய முறையைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த வெற்றிடத்தை அணில் ஒன்று ஒரே கடியில் கெடுத்துவிடும். இனிப்புக்காகக் குழாயைக் கடிக்கிறது. நீலக் குழாய்க்குள் நீரும் குமிழியும் மெதுவாக நகர்ந்தால் எல்லாம் சரி. குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடினால் மேலே எங்கோ ஓட்டை. காதைக் குழாயருகே வைத்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். ‘ஸ்’ என்று இழுக்கும் இடத்தை அடைந்தால் இரண்டு சின்னப் பல்தடம். ஏழு இடம் கண்டுபிடித்தேன்.

மார்ச் 10

“நம் கருப்பணி போலத்தானே?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குகிற வேலையில் ஒற்றுமை இருக்கிறது, மற்றதெல்லாம் வேறு. பனையின் நீர் பாளையிலிருந்து வருகிறது, சீனி 10 சதவீதத்துக்கு மேல். வெயிலில் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். இங்கே மரத்தின் தண்டிலிருந்து வருகிறது, குளிரே காவல், சுண்ணாம்பு வேண்டாம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு இனிப்பு என்பதால் ஐந்து மடங்கு காய்ச்ச வேண்டும். மரமேறும் ஆபத்து இங்கே யாருக்கும் இல்லை. அதை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16

நீர் இல்லை, குளிர் திரும்பிவிட்டது. கூட்டமைப்பைப் பற்றி எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

உலக மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக்கில் காய்ச்சப்படுகிறது. இங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1966இல் தொடங்கியது. 2000இல் சேமிப்புக் கிடங்கு முறை வந்தது. 2004இல் ஒதுக்கீடு, அதாவது யார் எவ்வளவு விற்கலாம் என்ற வரம்பு. பீப்பாயில் விற்பதெல்லாம் அவர்கள் வழியாகப் போக வேண்டும். 5 லீற்றருக்கு உட்பட்ட கலத்தில் தோப்பு வாசலில் நுகர்வோருக்கு நேரே விற்கலாம். கேள்வி கேட்டவரே, உங்களுக்குச் செய்தி இது: நீங்கள் 11 டொலருக்கு வாங்கிய பேணியில் இருப்பது 1.6 இறாத்தல் பாகு. பீப்பாய் விலையில் அது 5 டொலர் கூட இல்லை. மிச்சம் தகரத்துக்கும் நிரப்புபவருக்கும் லொறிக்கும் கடைக்கும். எங்கள் வாசலுக்கு வந்தால் 9 டொலர்.

நான் வந்த புதிதில் ஒதுக்கீட்டை வெறுத்தேன். தன் மரம், தன் வியர்வை, விற்க அனுமதி வேண்டுமா? எத்தனையோ உற்பத்தியாளர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்து நியூ பிரன்ஸ்விக்குக்குக் கொண்டுபோய் விற்று, நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களை நான் இன்றும் குற்றம் சொல்ல மாட்டேன். 2021 என் மனதை மாற்றியது. அந்த ஆண்டு கியூபெக் முழுவதும் 13.3 கோடி இறாத்தல்தான், வாங்குபவர்களோ கூடிக்கொண்டே போனார்கள். கிடங்கிலிருந்து சுமார் 5 கோடி இறாத்தலைத் திறந்துவிட்டார்கள். கடையில் பேணி இருந்தது, விலை தாவவில்லை. அடுத்த ஆண்டு 21.1 கோடி வந்தபோது விலை விழவும் இல்லை. ஆகவே பதுக்கல் என்று நீங்கள் சொல்வது பஞ்ச காலத்துக்கு வைத்த நெற்குதிர். இப்போது அந்தக் குதிரில் 69 இலட்சம் இறாத்தல்தான் மிச்சம், பதினாறு ஆண்டுகளில் மிகக் குறைவு. 2023இல் வெறும் 12.4 கோடி காய்ச்சியதன் விளைவு.

கிடங்கு இருக்கும் இடத்தில் கள்வரும் உண்டு. சென்-லூயி-டு-பிளான்ஃபோர்ட்டில் வாடகைக் கிடங்கிலிருந்து 2011, 2012இல் 3,000 தொன் அளவு பாகு களவு போனது, மதிப்பு 1.8 கோடி டொலருக்கு மேல். சில பீப்பாய்களைத் தண்ணீரால் நிரப்பி வைத்துவிட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் அடுக்கின் மேல் ஏறும்போது வெறும் பீப்பாய் ஒன்று ஆடியதால்தான் விஷயம் வெளிப்பட்டது. நிறைந்த பீப்பாய் 280 கிலோ, ஆடாது.

மார்ச் 17

ஒரு வேர்மொன்ட் வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார். கிடங்கு முறை வாங்குபவனைக் காக்கிறது என்று நான் எழுதியது பாதிதான். முதல் நோக்கம் உற்பத்தியாளரின் விலை. ஒதுக்கீடே இல்லாத வேர்மொன்ட், அமெரிக்கப் பாகில் பாதியளவைக் காய்ச்சுகிறது. கியூபெக் விலையைத் தாங்கிப் பிடிக்கிற நிழலில்தான் அவர்கள் விரும்பியபடி துளைகளைக் கூட்டினார்கள். கிடங்கின் செலவைச் சுமப்பது எங்கள் முதலாளி போன்றவர்கள். பலனில் பங்கு எல்லைக்கு அப்பாலும் போகிறது. இதை ஏற்கிறேன், மறுக்க வழியில்லை.

மார்ச் 23

நேற்று 14 மணி நேரம் அடுப்பருகே. பாகு எப்போது இறங்கும் என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 பாகை ஏறினால் பாகு. கருவி இருக்கிறது. ஆனால் முதலாளியின் கண் அகப்பையில்தான். அகப்பையை முக்கி எடுத்துச் சரித்துப் பிடிப்பார். முதலில் துளித் துளியாக விழும். பதம் நெருங்கும்போது இரண்டு துளிகள் விளிம்பில் சேர்ந்து தயங்கும். பதம் வந்ததும் விளிம்பு முழுவதும் திரை போலத் தொங்கி, ஒரே இழையாகக் கிழிந்து விழும். என் அம்மா எள்ளுருண்டைக்குப் பாகு பார்ப்பது விரலால், இது விளிம்பால்.

நுரை பொங்கி ஏறினால் ஒரு துளி வெண்ணெய் போதும், ஊதி அணைத்தது போல் உட்காரும்.

2017இல் நான் பாகு காய்ச்சும் தட்டு ஒன்றை எரித்தேன். நீர் விடும் மிதவை சிக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் விறகு எடுக்க வெளியே போனேன். திரும்பி வரும்போது மணம் மாறிவிட்டது, அடியில் கறுப்புக் கொப்புளம். மூன்று நிமிடம் இருக்காது. துருவேறா உருக்குத் தட்டு, 2,000 டொலர். முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் கதவைத் திறந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக இழுத்துப் பனியில் போட்டார். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அடுப்பு எரியும்போது என் முதுகு அதன் பக்கம் திரும்புவதில்லை.

மார்ச் 30

கேள்வியின் இன்னொரு பகுதிக்குத் திரும்புகிறேன்: “அந்த மரத்தை யாரும் நடவில்லை.” இந்தக் காடுகளை அனிஷினாபே, அபெனாக்கி, ஹோடெனோசௌனி ஆகிய பூர்வகுடி மக்கள் அறிந்து பயன்படுத்தி வந்தார்கள். மரத்தைக் கீறி நீர் எடுத்து, பேர்ச் பட்டைக் கலத்தில் சேர்த்து, காய்ச்சிச் சீனியாக்கி வைத்தவர்கள் அவர்கள். பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது இரும்புப் பானை.

பிறகு ஒரு காலத்தில் இந்தச் சீனி அரசியலானது. 1790களில் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள், கரிபியன் கரும்புச் சீனிக்குப் பதில் மேப்பிள் சீனி உண்ணுங்கள் என்றார்கள். 1791இல் பென்ஜமின் றஷ் என்ற மருத்துவர் இதை வலியுறுத்தி, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெபர்சனுக்கு எழுதினார். ஜெபர்சன் தன் மொன்ரிசெல்லோத் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகள் நட்டார், அவை தேறவில்லை. நட்ட தோட்டமே அடிமைகளின் உழைப்பில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடிமை முறை சட்டப்படி முடிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு யாரைக் கொண்டுபோனார்கள்? நம்மவர்களை. மொரீசியசுக்கு, பின்பு தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்கு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது. எந்தச் சீனி மலிவு, எந்தச் சீனி விலை கூட என்று பேசும்போது எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது. மலிவுச் சீனியின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

ஏப்ரல் 1

சிறிய குறிப்பு. கடையில் ‘பான்கேக் பாகு’ என்று மலிவாக விற்பது பெரும்பாலும் சோளப்பாகு. அதில் மேப்பிள் மணத்துக்குச் சேர்ப்பவற்றில் வெந்தயச் சாறும் உண்டு. நியூயோர்க் நகரில் சில ஆண்டுகள் அவ்வப்போது மேப்பிள் வாசனை வீசி மக்கள் பயந்தார்கள். 2009இல் கண்டுபிடித்தார்கள், ஆற்றுக்கு அப்பால் நியூ ஜேர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தயம் பதப்படுத்தியிருந்தது. வெந்தயம் தின்றவர் வியர்வையில் வரும் மணம் இதுதான். அடுத்த முறை தாளிக்கும்போது முகர்ந்து பாருங்கள்.

ஏப்ரல் 8

முழுச் சூரிய கிரகணம் எங்கள் தோப்புக்கு மேலேயே. நான்கு நாளைக்கு முன் விழுந்த பனி இன்னும் கிடக்கிறது. மூன்றரை மணிக்குச் சற்று முன்பு பனியின் வெண்மை சாம்பலாகி, பிறகு நீலமாகி, மூன்று நிமிடத்துக்கு மேல் இருட்டு. பறவைகள் அடங்கின. பம்பியை யாரும் நிறுத்தவில்லை, அதன் இரைச்சல் மட்டும் கேட்டது. முதலாளியின் தாயார், 84 வயது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் திரும்பியதும் முதலில் கேட்டது: “தொட்டி நிரம்பிவிட்டதா?” நிரம்பியிருந்தது.

ஏப்ரல் 14

முடிந்தது. மொட்டு வீங்கத் தொடங்கினால் நீரின் வேதியியல் மாறும். பாகில் ஒரு நாட்பட்ட காய்கறி வாடை. நேற்றைய கடைசிக் காய்ச்சலில் அது தொட்டுவிட்டது. அந்தப் பீப்பாயைத் தனியே குறித்து வைத்தோம், அதற்கு விலை மிகக் குறைவு.

முனைகளைக் கழற்றுகிறோம், 2,400. குழாய் முழுவதும் கழுவ வேண்டும். இதற்குக் கூலி உண்டு, வரவு இல்லை. வாழ்த்துச் சொன்னவர்கள் இந்த வாரம் வந்து கை கொடுங்கள்.

ஜூன் 22

கணக்கு வந்துவிட்டது. கியூபெக் 23.9 கோடி இறாத்தல், இதுவரை இல்லாத அளவு. எங்கள் தோப்பு 10,400 இறாத்தல், பதினாறு பீப்பாயும் ஒரு முக்காலும். கிடங்குக்குச் சரக்கு திரும்பும்.

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: இவ்வளவு விளைந்தும் பேணி விலை இறங்கவில்லையே, தான் சொன்னது சரிதானே என்று. ஒரு பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். விலை இறங்காதபடி கட்டி வைத்த முறைதான் இது. ஆனால் 2023இல் எங்கள் முதலாளிக்கு 3,000 டொலர்கூட மிஞ்சாதபோது உங்கள் பேணி விலை தாவவில்லை, அதற்கும் இதே முறைதான் காரணம். இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகும் கூட்டமைப்பு தவறு என்று தோன்றினால் வாதிடலாம், நான் இங்கேயே இருக்கிறேன்.

இன்று காலை அடுத்த பருவத்துக்கான ஒன்பது கார்ட் விறகில் இரண்டைப் பிளந்து அடுக்கினோம். நுளம்புக் கடி தாங்க முடியவில்லை, பத்து மணிக்கே நிறுத்திவிட்டோம். மாலையில் மறுபடி போகிறேன்.